பழைய பேய் அளவுக்கு இல்லையாம்

"பழைய பேய் அளவுக்கு இது இல்லீங்க" என்று ஒருவர் சொன்னார். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, "எரிஞ்ச மூஞ்சி பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, மேக்கப்ல கோட்ட விட்டுட்டாங்க" என்றாள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தகப்பன், "செகண்ட் ஹாஃப்ல அவ கதவத் தொறந்துக்கிட்டு வர்றப்ப தியேட்டரே அலறுது, ஃபேமிலியோட பாக்கலாம்" என்று சிபாரிசு செய்தார். காரைக்காலில் தியேட்டர் வாசலில் ஒருவர் மைக்கை நீட்ட நீட்ட, ஆளாளுக்கு எரிந்த முகத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் அங்கேதான் நின்றேன். எனக்கு அறுபத்தாறு வயது. பெயர் ஆரோக்கியமேரி. முப்பத்தி நாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன், அதில் பதினெட்டு வருஷம் தீக்காய அறையில். எரிந்த முகம் எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன். அதற்குக் கிடைத்த மரியாதையைப் பிறகு சொல்கிறேன்.

படத்துக்கு என்னைக் கூட்டிப்போனது சுமதி. இப்போது நான் இருந்த அதே வார்டில் வேலை பார்க்கிறாள். "பணி அனுபவம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சிஸ்டர், நர்சுங்க மலர்ல போடணும்" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்று தட்டிக்கழித்து வந்தேன். இப்போது இருக்கிறது. இந்தக் கோபத்தை ஆறவிட எனக்கு மனமில்லை, அதனால் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

படத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு ஜமீன் பங்களா. அதற்குள் மருமகளாக வந்த மரகதம் என்ற பெண்ணை வீட்டுக்காரர்களே எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுகிறார்கள். அவள் எரிந்த முகத்தோடு பேயாகி அந்த வீட்டில் அலைகிறாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சக்கைப்போடு போட்ட படம். அதையே இப்போது புது நடிகர்களை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். பங்களாவும் ஆட்களும்தான் மாறியிருக்கிறார்கள். பயமுறுத்தும் சரக்கு அதே முகம்தான்.

நான் படித்துச் சேர்ந்த கதையெல்லாம் சுருக்கமானது. மூன்று வருஷம் விடுதியில் இருந்து படித்தேன், பெட்பேன் கழுவினேன், கட்டில் விரிப்பில் சுருக்கம் இருந்தால் திட்டு வாங்கினேன். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றி, முப்பதாவது வயதில் தீக்காய அறைக்கு வந்தேன். உண்மையில் வேலை கற்றுக்கொண்டது அங்கேதான். அங்கே இருந்த தலைமை நர்ஸ் தெரேஸ் அம்மாள். எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர்.

பெரிய சிஸ்டர் காரைக்கால் டவுன்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். அதனால் அவர் பேச்சில் அங்கங்கே பிரெஞ்சு வரும். புண்ணின் பழைய கட்டைப் பிரிக்கும்போது எங்கள் கை கொஞ்சம் வேகமாகப் போனால், "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். துப்புரவு வேலைக்கு வருகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் "அப்படீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அன்று முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

அவருடைய அறையில் சில கட்டளைகள் உண்டு. நோயாளி உள்ளே வந்ததும் முதலில் வளையல், மோதிரம், மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் போனால் வீக்கம் வந்து அவை சதைக்குள் புதைந்துவிடும். வீட்டில் பூசி அனுப்பிய தோசை மாவையும் இங்க்கையும் திட்டாமல் கழுவ வேண்டும். கழுத்து எரிந்தவருக்குத் தலையணை கிடையாது. வசதியாக இருக்கட்டும் என்று இரக்கப்பட்டுத் தலையணை வைத்தால், ஆறும்போது தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் துணி சுற்ற வேண்டும், சேர்த்துச் சுற்றினால் கை துடுப்பாகிவிடும். கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீர் ஊற்றி இருபது நிமிஷம் ஊறவிட வேண்டும். களிம்பு பூசி, அதன்மேல் நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த வாழைக்குருத்து. துணியைப் போல அது புண்ணில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்க்காது. இலையை அவரே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. அந்த அறையில் கண்ணாடி கிடையாது. எங்களுக்கு மூக்கைப் பொத்தவும் முகத்தைச் சுளிக்கவும் அனுமதி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னார்: "அவங்களுக்கு இங்க கண்ணாடி இல்லம்மா. அவங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. பாத்து நடந்துக்குங்க."

செல்வி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அம்பகரத்தூர்ப் பெண், தலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்திமூன்று வயது. ஆட்டோவில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இடது பக்க முகம், கழுத்து, மார்பு, இரண்டு கைகள். நினைவு தெளிவாக இருந்தது. "தண்ணி, தண்ணி" என்ற ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்த மாமியார், "ஸ்டவ் வெடிச்சிடுச்சு சிஸ்டர்" என்றார். புருஷன் வராந்தாவில் நின்றான். அவன் சட்டையில் ஒரு பொட்டுக் கரி கூட இல்லை.

நான் அவள் தலைமுடியை வெட்டினேன். உச்சந்தலையில் மண்ணெண்ணெய் ஊறியிருந்தது. ஸ்டவ் வெடித்தால் எண்ணெய் கீழேயிருந்தும் முன்னாலிருந்தும் தெறிக்கும். உச்சியில் எப்படி ஊறும்? பெரிய சிஸ்டரிடம் கிசுகிசுத்தேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"எழுதுங்க" என்றார்.

"என்னான்னு எழுதுறது சிஸ்டர்? ஊத்திக் கொளுத்தியிருக்காங்கன்னா?"

"நீங்க பாத்தீங்களா ஊத்துனத? கண்டத எழுதுங்க. உச்சந்தலை முடியில மண்ணெண்ணெய் வாடை. அவ்வளவுதான். மத்தத எழுதுறதுக்கு ஆளு வருவாங்க."

ஆளும் வந்தார். அன்று சாயங்காலம் மாஜிஸ்டிரேட் வாக்குமூலம் வாங்க வந்தார். உறவுக்காரர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினோம். நோயாளி தெளிவாக இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்கள். பேர் என்ன, இது எந்த இடம், யாராவது உன்னை இப்படிச் சொல்லச் சொன்னார்களா. கடைசியில், எப்படி நடந்தது என்று கேட்டார்கள்.

கதவுக்கு வெளியே அவளுடைய குழந்தை "அம்மா, அம்மா" என்று அழுதது. மாமியார் கதவை ஒட்டி நின்றுகொண்டு அதைச் சமாதானம் செய்தார். கொஞ்சம் சத்தமாகவே செய்தார். செல்வியின் கண் கதவுப் பக்கம் போனது. பிறகு மாஜிஸ்டிரேட்டைப் பார்த்து, "ஸ்டவ் வெடிச்சிடுச்சுங்க" என்றாள்.

கைகள் இரண்டும் வெந்திருந்ததால் ரேகை வைக்க விரல் இல்லை. இடது கால் கட்டைவிரலில் மை தடவி, நான்தான் அந்தப் பாதத்தைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினேன். பொய் என்று தெரிந்தே அழுத்தினேன். குழந்தையை அந்தப் பொம்பிளை கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுவர எனக்கு ஐந்து நிமிஷம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாக நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன். அன்றைக்குப் பிறகு பெரிய சிஸ்டர் இன்னொரு கட்டளையைச் சேர்த்தார்: வாக்குமூலம் எழுதி முடிகிறவரை நோயாளியின் பிள்ளைகள் நர்ஸ் கையில் இருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அது உதவியது. செல்விக்கு உதவவில்லை.

அவள் பிழைத்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. நாலு மாதம் எங்கள் அறையில் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் கட்டுப் பிரிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, வலி தாங்காமல், "சிஸ்டர், எதாச்சும் பேசிக்கிட்டே இருங்க" என்பாள். அம்பகரத்தூர் திருவிழாவைப் பற்றி அவளையே பேச வைப்பேன். பிறகு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு ஆபரேஷன். கண் இமை மூடுகிற அளவுக்குச் சரியானது. வலது கையில் மூன்று விரல் வேலை செய்தன. அவளுடைய அப்பா, அம்மா போராடிக் குழந்தையை மீட்டுக்கொடுத்தார்கள். குழந்தை மடிக்கு வந்த மறுநாளே போலீசில் போய் உள்ளதைச் சொன்னாள். மாமியார் பிடித்துக்கொண்டார், புருஷன் ஊற்றினான்.

கேஸ் நடந்தது. நானும் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம், "வாடை பாத்துச் சொல்றதுக்கு நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். முதல் வாக்குமூலத்தில் ஸ்டவ் என்றவள் இப்போது மாற்றிச் சொல்கிறாள் என்று, அந்த ஒரு காகிதத்தை வைத்து அவர்கள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் கால் ரேகை பிடித்துக் கொடுத்த அதே காகிதம்.

செல்விக்கு ஒரு பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். பெற்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பழக ஒரு வாரம் கூட ஆகவில்லை. மூன்று விரலால் முட்டை உரிக்கிற அழகைப் பார்க்க அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஒரு பிள்ளை தினமும் அவள் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே தூங்குமாம். ஒரு வருஷம் போல நன்றாக ஓடியது. அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

இனி சொல்லப்போவது என்னைப் பற்றி. மறைக்க மாட்டேன். வார்டு நர்சுகள் ஆறு பேர் சேர்ந்து அந்தப் படத்துக்குப் போனோம். ஊரே போனது, நாங்களும் போனோம். கதவு திறந்து மரகதத்தின் முகம் திரை முழுக்க வந்தபோது தியேட்டரே அலறியது. நானும் அலறினேன். பதினாலு வருஷம் அந்த முகங்களைத் துடைத்தவள், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் இருந்தவளின் தோளில் சாய்ந்து கத்தினேன். பிறகு சிரித்தோம். இடைவேளையில் முறுக்கு வாங்கித் தின்றோம். படம் பிரமாதம் என்று நானும்தான் கருத்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் செல்வி வந்தாள். அவளுடைய கழுத்துத் தழும்பு அடிக்கடி வெடிக்கும், அதற்கு மருந்து போட வாராவாரம் வருவாள். நான் மேசையில் குனிந்து பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

ஒரு நொடி இருக்கும். அவ்வளவுதான். என் முகத்தில் என்ன வந்ததென்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

"நீங்களும் படம் பாத்துட்டீங்களா சிஸ்டர்?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். நான் ஏதோ உளறினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கப்படி தாடையை உயர்த்திக் கழுத்தைக் காட்டினாள். "ஒரு வாரமா எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க. தெருவுல மரகதம் மரகதம்னு கூப்புடுதுங்க. நம்ம பால்வாடிப் பிள்ளைங்க இல்ல, அதுங்க அண்ணன், அக்கா. படம் பாத்ததுங்க."

பெரிய சிஸ்டர் அறையின் மறுகோடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு நீங்க இந்த ரூம்ல இருக்க வேணாம்மா. துணி மடிக்கிற எடத்துக்குப் போங்க" என்றார். அவரே உட்கார்ந்து செல்விக்கு மருந்து போட்டார். நான் அன்று முழுக்கத் துணி மடித்தேன். வேலை முடிந்து போகும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். "எங்கிட்ட எதுக்கு?" என்றார்.

அடுத்த வாரம் செல்வியிடம் கேட்டேன். "உடுங்க சிஸ்டர், நீங்க என்ன செய்வீங்க?" என்று சிரித்துவிட்டாள். அந்த மன்னிப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றுவரை.

அதற்குள் பால்வாடியில் அவளுக்கு எதிராக வேலை நடந்துவிட்டது. பிள்ளைகள் பயப்படுகின்றன என்று தாய்மார் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். பயந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை, பயந்தவர்கள் படம் பார்த்த தாய்மார்தான். மேற்பார்வை அம்மாள் வந்து, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரக்கூடாது, வந்தால் முகத்தில் துணி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எரிந்த பெண்ணை அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். எட்டு மாதம் அப்படி இருந்தாள். புகையும் வெக்கையும் பட்டுத் தழும்பு வெடித்து வெடித்து எங்களிடம் வந்தாள். பெரிய சிஸ்டரும் டாக்டரும் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். படம் தியேட்டரை விட்டுப் போனது, ஊர் மறந்தது, மேற்பார்வை அம்மாளும் மாறிப் போனார். அதன் பிறகுதான் செல்வி அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். இன்றும் அதே பால்வாடியில்தான் வேலை செய்கிறாள்.

இப்போது தியேட்டர் வாசலுக்கு வருகிறேன்.

சுமதி சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகட்டும் என்று கூட்டிப்போனாள். என்ன படம் என்று உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். பிடிவாதமாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். வெளியே வந்தால் மைக்கோடு ஒருவர். முப்பது வயது இருக்கும், யூடியூபில் படங்களுக்கு மக்கள் கருத்து போடுகிறவராம். கருத்துகள் நான் மேலே எழுதியபடி போய்க்கொண்டிருந்தன. அப்போது கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன் மைக்கைப் பிடித்தான்.

"ப்ரோ, மேக்கப் சுத்த வேஸ்ட். எரிஞ்ச மூஞ்சி எப்புடி இருக்கும்னு டைரக்டருக்குத் தெரியலன்னா எங்க ஊரு பால்வாடிக்கு வரச் சொல்லுங்க. ஒரிஜினல் மரகதம் அங்க இருக்கு. மேக்கப் செலவே இல்ல!"

சிரித்தார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள், கைக்குழந்தைக்காரரும்கூட.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த மைக்கைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. "அவ பேரு செல்வி" என்றது நினைவிருக்கிறது. "மண்ணெண்ணெய ஊத்துனவன் பேரச் சொல்லட்டுமா, அவனப் போயிப் படம் எடுக்கிறியா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. சுமதி என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வீடியோ வந்துவிட்டது. பால்வாடி ஜோக் அப்படியே இருந்தது, சிரிப்புச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். அதற்கடுத்து நான். நான் பேசியதில் ஒரு வார்த்தை இல்லை. வாய் மட்டும் அசைகிறது, பின்னால் நாய் குரைக்கிற சத்தம், கீழே "படத்தைப் பார்த்துப் பேய் பிடித்த பாட்டி" என்று எழுத்து. அதற்குக் கீழே கருத்துக்குக் கருத்து. படத்தில் இருக்கிற பேயைவிடப் பாட்டி பயங்கரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பால்வாடி எங்கே இருக்கிறது, லொகேஷன் போடுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

செல்வியிடமிருந்து போன் வந்தது. அவளுடைய மகள்தான் வீடியோவைக் காட்டியிருக்கிறாள்.

"எதுக்கு சிஸ்டர் உங்களுக்கு இந்த வேல? ஒடம்பு என்னாத்துக்கு ஆவுறது?"

"அந்தக் கண்ணாடி போட்ட பய யாருன்னு தெரியுமா செல்வி? போலீஸ்ல எழுதிக் குடுப்போம்."

"தெரியாம என்ன? நாந்தான் சோறு ஊட்டுனேன். எங்க பால்வாடிப் பிள்ளதான் அவன். என் கழுத்தத் தடவிக்கிட்டே தூங்குவான்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனே, அவன்தான்."

போலீஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். பிறகு, "சிஸ்டர், அந்தப் படத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"உனக்கு எதுக்குடி அந்தக் கருமம்?"

"ஊரே என் மூஞ்சியப் பத்திக் கருத்துச் சொல்லுது. நான் அந்தப் படத்த இதுவரைக்கும் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. பாக்கணும்."

சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போனோம். செல்வி மெரூன் நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முகத்தில் துணி போடவில்லை. டிக்கெட் கிழிப்பவர் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறெங்கோ பார்த்தார். உள்ளே, கதவு திறந்து அந்த முகம் வந்தது, தியேட்டர் அலறியது. நான் திரையைப் பார்க்கவில்லை, செல்வியைத்தான் பார்த்தேன். அவள் அசையவில்லை. மரகதம் எரிகிற இடத்தில் மட்டும் முன் சீட்டின் கம்பியை அந்த மூன்று விரலாலும் பிடித்துக்கொண்டாள். கொளுத்துகிற புருஷனாக நடித்தவர் வந்தபோதெல்லாம் பின்னால் சில பேர் விசிலடித்தார்கள். அவர் பெரிய நடிகர்.

படம் விட்டு வெளியே வந்தோம். மைக் பிடிக்கிறவர் அங்கேதான் நின்றார். என்னைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார். செல்வி நேராக அவரிடம் போனாள்.

"தம்பி, கருத்துக் கேக்குறீங்கள்ல? நான் சொல்றேன், எடுங்க."

அவர் இவள் முகத்தைப் பார்த்தார். மைக்கைப் பிடித்த கை கீழே இறங்கியது. யாரென்று புரிந்துவிட்டது அவருக்கு. "அக்கா... அன்னைக்கு... சாரிக்கா" என்றார். பிறகு, பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க மூஞ்சிய பிளர் பண்ணிப் போட்டுர்றேன்க்கா, யாருக்கும் தெரியாது" என்றார்.

"உள்ள அந்தப் பொம்பள மூஞ்சிய பிளர் பண்ணியா போட்டாங்க?" என்று கேட்டாள் செல்வி. "அப்புடியே எடுங்க."

எடுத்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"என் பேரு செல்வி. பால்வாடில ஆயாவா இருக்கேன். மேக்கப் நல்லாத்தான் இருக்கு, கொறை சொல்ல முடியாது. ஆனா எரியிறப்ப அந்தப் பொண்ணு பாட்டு மாதிரி கத்துறா. அப்புடிக் கத்த வராது. தண்ணி தண்ணின்னுதான் வரும். எடுத்தவங்க யாரையாச்சும் கேட்டிருக்கலாம். அப்பறம், செத்துப் பேயா வந்து எல்லாரையும் கொல்றா. செத்தவளுக்கு அதெல்லாம் சுலபம். நான் சாவல. மறுநாளு எழுந்திரிச்சுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டணும். அதையும் ஒரு படமா எடுக்கலாம். இன்னொண்ணு கேக்கணும். அவ வந்தா எல்லாரும் அலறுறீங்க. கொளுத்துனவன் படம் பூராவும் நடமாடுறான், அவனப் பாத்து ஒருத்தரும் ஏன் அலறல? என்னையக் கொளுத்துனவன் போன வாரம் மீன் மார்க்கெட்ல எனக்குப் பக்கத்துல நின்னு கெழங்கா மீன் வாங்குனான். மீன்காரம்மா அவனுக்கு மொதல்ல போட்டுக் குடுத்துட்டு, என்னைய அந்தாண்ட தள்ளி நிக்கச் சொல்லிச்சு. அவ்வளவுதான் என் கருத்து."

செல்வி மைக்கைக் கொடுத்துவிட்டு, "வாங்க சிஸ்டர், டீ குடிக்கலாம்" என்றாள்.

அந்த வீடியோ இன்றுவரை வரவில்லை. பழைய வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுமதி எங்கெங்கோ விசாரித்து அவருடைய நம்பரை வாங்கிக் கொடுத்தாள். நேற்றுக் கூப்பிட்டேன்.

"போடலாம்னுதாம்மா நெனச்சேன்" என்று இழுத்தார். "எடிட்டெல்லாம் பண்ணி வச்சிட்டேன். ஆனா சேனல் ஃபேமிலி ஆடியன்ஸ் பாக்குறது. அத அப்புடியே போட்டா ஜனங்க பயந்துருவாங்கம்மா."

"எதப் பாத்து?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார்.